தமிழை இணையத்தில் ஏற்றிய சிறுகதை எழுத்தாளரும் உயிர்வேதியியல் பேராசிரியரும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "கணினித் துறையில் ஒரு கண்டுபிடிப்பாளரின் பணி, பின்னால் வரும் கண்டுபிடிப்புகளுக்கு எப்படித் தூண்டுதலாகிறது என்று தமிழ் மன்றத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். டூரிங்கைப் பற்றியும் ஸ்டீவ் ஜாப்ஸைப் பற்றியும் எல்லோரும் பேசிவிட்டார்கள். சிங்கப்பூரில் யாராவது இருக்கிறார்களா? இன்னொன்று, நான் படிப்பது கணினி இல்லை, தளவாடத் துறை (லாஜிஸ்டிக்ஸ்). என்னைப் போன்றவர்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?"

இருக்கிறார் தம்பி. நா. கோவிந்தசாமி. இந்தப் பெயரை உங்கள் மன்றத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் உங்கள் கேள்வியைத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பியதற்கும் அவருக்கும் நேரான தொடர்பு உண்டு.

அவர் கணினிப் பொறியாளர் இல்லை. தமிழாசிரியர், ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுகதை எழுத்தாளர். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர். அப்படிப்பட்டவர் எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் உட்கார்ந்து தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பணிக்கு அவர் வைத்த பெயர் 'கணியன்'. கணியன் பூங்குன்றனாரின் கணியன்தான், ஆனால் 'கணி' என்றால் கணக்கிடுதல் என்பதால் கணினிக்கும் அப்படியே பொருந்துகிறது. எழுத்தாளர் வைக்கிற பெயர் அப்படித்தான் இருக்கும்.

1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்க் கவிதைகளை நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஏற்றியிருந்த தளம் அது. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் பிரச்சினை இல்லை, இரண்டுக்கும் ரோமன் எழுத்து. சீனத்துக்கு அதற்குள் ஏற்பாடுகள் இருந்தன. தமிழுக்கு எதுவுமே இல்லை. உலாவிக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத காலம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் இருந்த பேராசிரியர் டான் டின் வீயும் அவருடைய குழுவினரும் கோவிந்தசாமியுடன் சேர்ந்து தமிழ்க் கவிதைகளை இணையப் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே தெரிய வைத்தார்கள். இணையத்தில் தமிழ் ஏறிய வரலாற்றை யார் எழுதினாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. டான் டின் வீயும் கணினிப் படிப்பு படித்தவர் இல்லை, அவர் துறை உயிர்வேதியியல். ஒரு சிறுகதை எழுத்தாளரும் ஓர் உயிர்வேதியியல் பேராசிரியரும்! தளவாடம் படிக்கிற நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அந்தக் காலத்துச் சிக்கல் என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்தது ஏதோ எழுத்தை அழகாக வரைந்த வேலை என்று தோன்றிவிடும். கணினிக்கு எழுத்து என்பதே கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் நான் எழுதியது உங்கள் திரையில் அப்படியே தெரியும். ஆங்கிலத்துக்கு அந்த ஒப்பந்தம் அறுபதுகளிலேயே வந்துவிட்டது. தமிழுக்கு ஆளுக்கொரு ஏற்பாடு. பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு, நாட்டுக்கு நாடு வேறு.

என் அனுபவம் ஒன்று. தொண்ணூறுகளின் இறுதியில் ஓர் அமைப்பின் ஆண்டு மலரைத் தட்டச்சு செய்து கொடுத்தேன், நூறு பக்கத்துக்கு மேல். இலங்கை நண்பர் ஒருவர் தந்த பாமினி எழுத்துருவில் அடித்தது. ஏழெட்டு ஆண்டு கழித்து அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்தபோது 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நின்றது. நூறு பக்கமும் அப்படியே. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியிருந்தது, போர்வை போனதும் கீழே இருந்தது வெளியே வந்துவிட்டது. பாமினியாவது பரவாயில்லை, பலரும் பயன்படுத்தியதால் அதை மாற்றித் தர மென்பொருள் கிடைத்தது. அதே நெகிழ்வட்டில் இருந்த இன்னொரு கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதே யாருக்கும் நினைவில் இல்லை. ஒரு மூத்த கவிஞரின் பேட்டி அது. போனது போனதுதான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கோவிந்தசாமி தம் எழுத்துருவைச் செய்துவிட்டு, இதுதான் சிறந்தது, எல்லோரும் இதையே வாங்குங்கள் என்று உட்கார்ந்துவிடவில்லை. 1997 மே மாதம் தமிழ்நெட் 97 என்ற மாநாடு சிங்கப்பூரில் நடந்தது, அவர் முன்னின்று நடத்தியது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, மேலை நாடுகள் என்று தமிழ்க் கணிமையில் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்தவர்களை ஒரே அறைக்குள் கூட்டியதுதான் அதன் பெரிய பயன். ஒரே விசைப்பலகை வேண்டும், ஒரே குறியீட்டு முறை வேண்டும் என்ற பேச்சு அங்கே உரத்துக் கேட்டது. அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில். அதிலிருந்து பிறந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமாகிவிட்டார், வயது 53. 2000 ஜூலையில் மாநாடு மறுபடியும் சிங்கப்பூருக்கே வந்தது, உத்தமம் என்று நாம் அழைக்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அங்கே உருவானது. அதைப் பார்க்க அவர் இல்லை.

தமிழ்99ஐ நீங்கள் பயன்படுத்தியதில்லை என்றால் ஒரு பத்து நிமிடம் முயன்று பாருங்கள். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. முதல் 'ம'வுக்கு நீங்கள் புள்ளி வைக்க வேண்டாம், ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளி என்பது விசைப்பலகைக்கே தெரியும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. 'ந'வுக்கு அடுத்து 'த' வந்தால் அங்கேயும் புள்ளி தானாக விழும், ஏனென்றால் தமிழில் மெல்லினமும் அதன் இன வல்லினமும் பெரும்பாலும் அப்படித்தான் சேர்ந்து வரும். 247 எழுத்துக்கும் விசை தேட வேண்டாம், 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் தெரிந்தால் போதும், மற்றவற்றைக் கணினி சேர்த்துக்கொள்ளும். கோவிந்தசாமியின் விசைப்பலகையும் இதே ஒலிவழிப் பாதையில் போனதுதான். தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு விசை தேடிப் பழகிய தலைமுறையில் இருந்துகொண்டு, கை தட்டுவது ஒலி, கண் பார்ப்பது வடிவம், இரண்டையும் பிரித்துவிடலாம் என்று யோசிக்க இலக்கணம் தெரிந்த மூளை தேவைப்பட்டது. நிரலாளர் மட்டும் உட்கார்ந்திருந்தால் தட்டச்சுப்பொறியின் பலகையையே திரும்ப வரைந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, தூண்டுதல் எப்படிக் கைமாறியது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

டான் டின் வீயை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குள் தமிழும் சீனமும் தெரிய வைத்தாயிற்று. ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போகும் முகவரியை ஆங்கில எழுத்தில்தானே அடிக்க வேண்டியிருக்கிறது? ஆங்கிலமே தெரியாத ஒருவர் வாசலிலேயே நின்றுவிடுவார். இணைய முகவரி முறை ஒப்புக்கொண்டது ஆங்கிலத்தின் 26 எழுத்து, பத்து இலக்கம், ஒரு சிறுகோடு, அவ்வளவுதான். உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் அந்த இயந்திரத்தை நிறுத்திப் பிரித்துப் போட யாராலும் முடியாது. 1998 வாக்கில் அவருடைய குழு சிங்கப்பூரில் செய்து காட்டிய வழி, நடுவில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓரத்தில் மொழிபெயர்ப்பது. நீங்கள் தமிழில் அடிப்பதைக் கணினி ஆங்கில எழுத்து, இலக்கங்களின் ஒரு கோவையாக மாற்றி அனுப்பும். பழைய இயந்திரத்துக்கு அது வழக்கமான முகவரி போலவே இருக்கும். பின்னால் உலகத் தரமாக ஆனது இந்த எண்ணத்தின் வளர்ச்சிதான், மாற்றும் விதம் 2003இல் முறைப்படி வெளியானது. 2011இல் '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே நம் நாட்டுக்கு ஓர் உயர்மட்ட முகவரி, அதாவது முகவரியின் கடைசியில் வரும் நாட்டுப் பெயர், கிடைத்தது. 2012இல் டான் டின் வீ, இணையத்தை வளர்த்தவர்களைச் சிறப்பிக்கும் 'இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம்' என்ற புகழவையில் இடம்பெற்றார். தமிழ்க் கவிதை நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று தொடங்கிய சின்ன வேலை, அரபுக்காரருக்கும் சீனருக்கும் ரஷ்யருக்கும் அவரவர் எழுத்தில் முகவரி கிடைப்பது வரை போயிருக்கிறது. நாம் சின்ன மொழி, நம் பிரச்சினை நம்மோடு என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் முத்து நெடுமாறன். எண்பதுகளின் நடுவிலிருந்தே முரசு என்ற தமிழ் மென்பொருளில் உழைத்தவர். கைப்பேசியில் தமிழ் அடிக்க அவர் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று நம் ஒலி 96.8 வானொலி வழியாகத்தான் வெளிவந்தது. அப்போது கைப்பேசியில் எண் விசைகள் மட்டுமே, ஒரு 'கோ' அடிப்பதற்குள் பேருந்தே வந்துவிடும், ஆனாலும் தமிழில் குறுஞ்செய்தி போனது! 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐபோனுக்குள்ளேயே, ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக்கித் தரும் அஞ்சல், தமிழ்99 என்று இரண்டு விசைப்பலகைகளும் இருந்தன. வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவும் பெரியம்மாவும் தமிழில் சண்டை போடுகிறார்கள் என்றால் அதன் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

தமிழோடு சம்பந்தமில்லாத ஓர் உதாரணமும் வேண்டுமென்றால் சிம் வோங் ஹூ. அவர் படித்தது இன்று பலதுறைத் தொழிற்கல்லூரியாக இருக்கும் நீ ஆனில், அன்று அது தொழில்நுட்பக் கல்லூரி. 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் சின்னக் கடையாக கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1986இல் பேசும், பாடும், சீன எழுத்துக் காட்டும் கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அது விற்கவில்லை. முழுக் கணினி தோற்றது, ஆனால் அதற்குள் இருந்த ஒலி என்ற ஒரு துண்டை அவர் விடவில்லை. அதைக் கணினிக்குள் செருகும் தனி அட்டையாக்கி, சந்தையில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஆட்லிப் என்ற ஒலி அட்டைக்காக எழுதிய விளையாட்டுகளும் ஓடும்படி செய்து, பதிவு செய்த குரலும் ஒலிக்கும்படி சேர்த்து, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்று வெளியிட்டார். அதுவரை வெறும் 'பீப்' போட்டுக்கொண்டிருந்த மேசைக் கணினிகள் உலகம் முழுக்க வாய் திறந்தன. உங்கள் பேச்சில் இவருக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், போதும். கோவிந்தசாமிக்கு மீதி நேரத்தைக் கொடுங்கள், அவரைப் பேச ஆளில்லை.

இந்த நால்வரையும் நான் பார்க்கும் விதத்தில், அடுத்தவருக்குக் கை நீட்டுவது முடிந்த பொருள் கிடையாது. கணியன் எழுத்துருவை இன்று யாரும் கணினியில் வைத்துக்கொண்டு அலைவதில்லை. 2000இல் விண்டோஸ் தமிழை ஏற்று, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண் பட்டியலான யூனிகோடு பரவத் தொடங்கியதும் அந்தக் காலத்து எழுத்துருக்கள் எல்லாமே மெல்ல விலகின. நின்றது வேறு. தமிழுக்கு இதெல்லாம் ஒத்துவராது, ரோமன் எழுத்தில் அடித்துவிட்டுப் போ என்று எல்லோரும் ஒதுங்கிய இடத்தில் ஒருவர் ஒதுங்க மறுத்தது, அப்புறம் தம் வேலையில் மற்றவர் கைவைக்க இடம் விட்டது. ஆகவே உங்கள் பேச்சில் அவர் என்ன செய்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள், எந்த இடத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை என்று தேடிச் சொல்லுங்கள். தூண்டுதல் அங்கேதான் இருக்கிறது.

அப்படிப் பொறுக்கக் கூடாத இடங்கள் இன்றும் நிறைய இருக்கின்றன. உங்கள் வகுப்பில் நிரலாக்கம் தெரிந்த நண்பரிடம் 'வீடு' என்ற சொல்லைக் கொடுத்து எழுத்து வாரியாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். 'டுவீ' என்று வர வேண்டும். வழக்கமான முறையில் எழுதினால் முதலில் ஓர் அனாதை உகரக் குறி புள்ளி வட்டத்தில் தொங்கும், அடுத்து 'டீ', கடைசியில் 'வ'. ஏனென்றால் யூனிகோடில் 'வீ' ஓர் எழுத்தாக இல்லை, 'வ' தனி எண், ஈகாரக் குறி தனி எண். 'சிங்கப்பூர்' நமக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பதினொரு குறி, சேமிக்கும்போது 33 பைட். ஆங்கிலத்தில் அதே பெயர் ஒன்பதே பைட். இது சில்லறைக் கணக்கு மாதிரி தெரியலாம், ஆனால் சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய பெரும் மொழி மாதிரிகள் சொற்களைத் துண்டாக்கித்தான் படிக்கின்றன, அந்தத் துண்டாக்கும் கருவிகளில் பலவும் பெரும்பாலும் ஆங்கிலம் தின்று வளர்ந்தவை, அதனால் தமிழ்ச் சொல் அவற்றின் கையில் தூளாகிறது, அதே செய்தியைச் சொல்லத் தமிழுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் செலவும் ஆகின்றன. 2023 இறுதியில் ஏஐ சிங்கப்பூர் அமைப்பு வெளியிட்ட சீ லயன் என்ற மொழி மாதிரியில் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழும் இருக்கிறது. நல்ல தொடக்கம். இன்னும் செய்ய எவ்வளவோ இருக்கிறது.

அச்சுப் புத்தகங்களை எழுத்தாக மாற்றுவதும் அப்படித்தான். 2015இல் தேசிய நூலக வாரியமும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஐம்பது ஆண்டு சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை, ஏறத்தாழ 350 நூல்களை, மின்னூலாக்கினார்கள். அதன் பிறகு எனக்கும் பழைய சிங்கப்பூர் நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் பழக்கம் வந்தது. பழைய அச்சில் துணைக்காலும் 'ர'வும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். வருடி மூலம் படிக்கும் மென்பொருள் 'காரணம்' என்பதைக் 'கரரணம்' என்று எழுதித் தரும். மனிதக் கண் தடுமாறாது, 'கரரணம்' என்று ஒரு சொல் இல்லை என்பது நமக்குத் தெரியும். இதை மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் தமிழ் தெரிந்தவர்தான்.

தளவாடம் படிக்கிறேன் என்றீர்கள். பொருள் எங்கிருந்து கிளம்பி, எந்த இடத்தில் தேங்கி, யார் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று பார்க்கத்தானே உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்? அதே கண்ணோடு உங்கள் பாட்டியின் கைப்பேசியைப் பாருங்கள். தோ பாயோவில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 78, தட்டச்சு வராது, குரலில் சொல்லித்தான் செய்தி அனுப்புவார். போன வாரம், "வரும்போது தபாவ் பண்ணிக்கிட்டு வா, லிஃப்ட் ரிப்பேரு, படியில ஏறிக்கோ" என்று சொல்லியிருக்கிறார். 'தபாவ்' என்றால் இங்கே சாப்பாட்டைக் கட்டி வாங்கி வருவது. எனக்கு வந்த செய்தியில் 'தபாவ்' 'தபால்' ஆகியிருந்தது. நான் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு மேலே போனேன். சென்னையிலோ மதுரையிலோ பதிவு செய்த குரல்களை வைத்துப் பழக்கிய கருவிக்கு, நாம் மலாயிலிருந்தும் சீனத்திலிருந்தும் எடுத்துப் பேசும் தமிழ் எப்படித் தெரியும்? அம்மா பேசுவதில் குறை இல்லை.

இதைத் தொடங்க நிரலாக்கம் வேண்டாம். ஒரு மாதம் உங்கள் பாட்டி, பக்கத்து வீட்டுத் தாத்தா, தேக்காவில் கறிக்கடைக்காரர், இவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னது என்ன, கைப்பேசி எழுதியது என்ன என்று இரண்டு பத்தியாகக் குறித்து வாருங்கள். அவர்கள் சம்மதித்தால் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். இருநூறு வரி சேர்ந்தால் போதும், பிரித்து ஆராயும் வேலையைக் கணினி படிக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்து செய்யலாம், துணைக்கு நானும் வருகிறேன். முதல் வரியாக எங்கள் அம்மாவின் 'தபாவ்'ஐ எழுதிக்கொள்ளுங்கள்.